சுவருக்குச் சொன்ன வரிசை

என் அண்ணை சி என்கிற கணினி மொழியில் எழுதுவார். நான் படம் வரைவேன். கணினித் திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கம்பி இழுத்துவிடுகிற மொழி ஒன்று இருக்கிறது. ஒரு வரி எழுதாமல் முழுச் செய்நிரலையும் அதில் முடித்துவிடலாம். அண்ணையைக் கேட்டால் அது மொழியே இல்லை. "முற்றத்திலை கோலம் போடுறதுக்குச் சம்பளம் கேக்கிறாள்" என்பார். நானும் விடுவதில்லை. ஓர் அரைப்புள்ளி தவறியதற்கு அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிற மனிசனுக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை என்று திருப்பிக் கொடுப்பேன். கோப்பாயில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. இரண்டு மேசைகள் எதிரெதிராகக் கிடக்கும். அண்ணை கல்யாணம் கட்டி நல்லூரில் இருக்கிறார். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, பின்னேரம் திரும்பிப் போவார்.

நாங்கள் செய்தது கிணற்று நீரை அளக்கிற கருவி. எங்கள் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்குப் போடுகிற உரம் மாரி மழையோடு கீழே இறங்கும். சுண்ணாம்புக் கல் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்கு வந்துவிடும். அதில் இருக்கிற நைத்திரேற்று பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் பால்மா கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தையின் இரத்தத்தை அது ஒட்சிசன் சுமக்க விடாது. பிள்ளைக்கு உதடு நீலம் பாரிக்கும், மூச்சு இழுக்கும், கவனிக்காமல் விட்டால் உயிரும் போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். அதனால்தான் பால் கரைக்கிற குசினிச் சுவரில் ஒரு சின்னத் திரையும் ஒரு விளக்கும் வைத்தோம். நைத்திரேற்று அளவு பத்துக்குக் கீழே நின்றால் பச்சை, மேலே போனால் சிவப்பு. படிப்பில்லாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பது என்னுடைய பிடிவாதம்.

கிணற்றுக்குள் இறக்குகிற உணரி வெளிநாட்டிலிருந்து வருவது. அதோடு கதைக்கத் தெரிந்த சி செய்நிரல்களின் தொகுதி ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். அதை லைப்ரரி என்போம். அண்ணை அந்த லைப்ரரியிடம் கேட்டு அளவுகளை வாங்கி, ஒரே கட்டாக என் பக்கம் தள்ளிவிடுவார். நான் அதைப் பிரித்துத் திரையில் காட்டுவேன். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எங்கள் தொழிலில் ஆளைக் கொல்லுகிற இடம் இந்தத் தள்ளுகிறதும் வாங்குகிறதும்தான்.

அண்ணையின் பக்கத்தில் அந்தக் கட்டுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முதலில் உணரி வேலை செய்கிறதா என்று சொல்லும் ஒரு பைட், அதாவது கணினி நினைவில் ஒரேயோர் இடம், அடுத்தது வெப்பம், அதற்கடுத்தது நைத்திரேற்று, பிறகு பி.எச்., கடைசியில் உப்பு. பி.எச். என்பது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டுகிற எண். என் பக்கத்தில் அதே ஐந்துக்கும் ஐந்து பெட்டி வைத்து, ஒரு சட்டத்துக்குள் அடைத்து, அதைக் கொத்து என்று சொல்வோம். இரண்டு பக்கமும் ஒரே பெயர்களைத்தான் எழுதி வைத்திருப்போம். ஆனால் அந்தப் பெயர்கள் எல்லை தாண்டி வருவதில்லை. வருவது வெறும் பைட்டுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. முதலில் வந்தது முதல் பெட்டிக்குள் போகும், இரண்டாவதாக வந்தது இரண்டாவதுக்குள் போகும். பெட்டிக்கு மேலே நான் என்ன பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்று கணினி பார்ப்பதில்லை.

முதன்முதலாக இணைத்தபோது கிணற்று வெப்பம் கோடிக்கணக்கில் காட்டியது. அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் விளக்கம் சொன்னார். சி மொழி பெரிய எண்களை நாலாம், எட்டாம், பன்னிரண்டாம் இடம் என்று ஒழுங்கான இடத்தில்தான் உட்கார வைக்குமாம். அந்த முதல் ஒற்றைப் பைட்டுக்குப் பிறகு மூன்று இடத்தைச் சும்மா விட்டுவிடுமாம். பந்தியில் வரப்போகிற பெரியவருக்கென்று இலையைப் போட்டு வெறுமையாக வைக்கிற மாதிரி. நானோ அந்த வெறும் இலைகளிலும் ஆட்களை இருத்தியிருந்தேன். அன்றைக்கு என் கொத்துக்குள் மூன்று வெற்றுப் பெட்டி சேர்த்தேன். எண்கள் ஒழுங்குக்கு வந்தன.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. கட்டமைப்பில் எது மாறினாலும் அன்றே கூப்பிட்டுப் பார்ப்போம். அண்ணையிடம் அளவு தெரிந்த கரைசல் போத்தல்கள் நாலு இருந்தன. எது என்று எனக்குச் சொல்லாமல் ஒன்றுக்குள் உணரியை விடுவார். நான் என் திரையைப் பார்த்து எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவேன். சரியென்றால் அவர் ஓம் என்பார். "பதினைஞ்சு." "ஓம்." அடுத்த போத்தல். "மூண்டு." "ஓம்." நாலு ஓம் வந்தால்தான் கருவி வீட்டைவிட்டு வெளியே போகும். அது ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காத வேலை. ஆனால் இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் கதைக்க வேண்டும்.

நாங்கள் கதைக்காமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு நாள் விடியப்புறம் நெஞ்சு அடைத்தது. வாய்வு என்றார். நானும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் வேர்த்துக் கொட்டியபோதுதான் ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணை அன்றைக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சொந்தக்காரர் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கையில், அண்ணை யாரையும் பார்க்காமல் சொன்னார். "விடியவே கொண்டுபோயிருந்தால் அப்பா இண்டைக்கு இருந்திருப்பார்." எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு மட்டும் கறிச்சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த ஒரு மாதமும் நானே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த வசனம் அது. அதை இன்னொருவர் வாயால், அதுவும் சபையில் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றோடு கதைபேச்சு நின்றது.

எங்கள் ஊரில் இது புதினமான விடயம் அல்ல. இரண்டு வீடு கோபம் என்றால் கோபம்தான். பொங்கலுக்குப் பொங்கல் போகும், செத்த வீட்டுக்கு ஆள் போகும், முகத்தைப் பார்த்துக் கதை மட்டும் இருக்காது. ஆனால் நாங்கள் ஒரே அறையில் ஒரே தொழில் செய்கிறவர்கள். அதனால் சுவருக்குக் கதைக்கப் பழகினோம். "ஆருக்கும் தேத்தண்ணி வேணுமெண்டால் கேத்திலிலை கிடக்கு" என்று நான் யன்னலைப் பார்த்துச் சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்கும். "நாளைக்கு ஆரும் என்னைத் தேட வேண்டாம், பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்குப் போறன்" என்று அண்ணை சுவர்க் கலண்டருக்குச் சொல்வார். வீட்டுக்கு வந்து போனவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வருடம் அப்படியே போனது. சுவருக்கு எண்ணைக் கூப்பிட்டு, சுவரிடமிருந்து ஓம் வாங்க முடியாது. ஆகவே கூப்பிட்டுப் பார்க்கிறதும் நின்றது. அண்ணை தன் கறுப்புத் திரையில் தன் பக்கத்தைச் சரி பார்த்தார். நான் என் பக்கத்தில் பொய் எண்களைப் போட்டு, சிவப்பு எரிகிறதா பச்சை எரிகிறதா என்று பார்த்தேன். அவரவர் பக்கம் சரியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, உணரிக்காரர் லைப்ரரியின் புதுப் பதிப்பை அனுப்பினார்கள். அண்ணை பின்னேரம் வரைக்கும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழும்பும்போது கதவு நிலைக்குச் சொன்னார்.

"வரிசையை மாத்திப்போட்டாங்கள். பி.எச். முன்னுக்கு வந்திட்டுது. நைத்திரேற்று அதுக்குப் பிறகு. ஆருக்கும் தேவையெண்டால் பாக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை உரும்பிராயில் ஒரு வீட்டுக்குக் கருவி பூட்ட வேண்டும். இதைக் காலையிலேயே சொன்னால் என்ன, வாயா தேய்ந்துவிடும் என்று எனக்குள் பொரிந்துகொண்டு என் கொத்தைத் திறந்தேன். நைத்திரேற்றுப் பெட்டியைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தேன், பி.எச். பெட்டியை மேலே ஏற்றினேன். பார்வைக்கு வரிசை அண்ணை சொன்ன மாதிரியே வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. மூடி வைத்துவிட்டுச் சாமி விளக்குக் கொளுத்தப் போனேன்.

இந்த மொழியைத் தொடுகிற எவருக்கும் முதல் மாதமே தெரியவருகிற விடயம் ஒன்று உண்டு. ஒரு பெட்டி திரையில் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி பார்ப்பதில்லை. எந்தப் பெட்டியைக் கொத்துக்குள் முதலில் போட்டோம் என்பதைத்தான் அது வரிசையாக வைத்திருக்கும். திரையில் பெட்டியை எங்கே இழுத்துவிட்டாலும் உள்வரிசை அப்படியே இருக்கும். அதை மாற்றுவதற்கு வேறு ஒரு பட்டியலுக்குள் போய், ஒவ்வொரு பெட்டியிலும் தட்டி இலக்கம் கொடுக்க வேண்டும். இதை நான் அறியாமல் இல்லை. நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கை வேலையில் இருந்தது, மனம் முழுக்க அண்ணையோடு சண்டையில் இருந்தது.

இரண்டு எண்களும் ஒரே அளவு, நாலு நாலு பைட். ஆகவே எந்தப் பிழையும் சத்தம் போடவில்லை. நைத்திரேற்று என்று பெயர் எழுதிய பெட்டிக்குள் பி.எச். வந்து குந்திக்கொண்டது. எங்கள் கிணறுகளின் பி.எச். எப்போதும் ஏழுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஏழு என்பது பத்துக்குக் கீழே. பச்சை எரிந்தது.

உரும்பிராய் வீட்டில் இருந்தவள் இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை. மூன்று மாதக் குழந்தை, நிறை குறைந்து பிறந்தது. இவளுக்குப் பால் போதாமல் பால்மா கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். புருஷன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். புருஷனின் தாய், அவளுடைய மாமி, கூடவே இருந்தா. தோட்டத்துக் கிணறுதான் வீட்டுக் கிணறும். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மருத்துவமாது தண்ணீரைக் கவனிக்கச் சொன்னதால் எங்களிடம் வந்தார்கள். நான் திரையைப் பூட்டி முடித்து, விளக்கு பச்சையாக எரிந்ததும், அவள் குழந்தையைத் தூக்கி அதற்குக் காட்டினாள்.

"பாருங்கோ குஞ்சு, எங்கடை தண்ணி நல்ல தண்ணியாம்."

பிறகு ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாள். "அக்கா, நான் ஒவ்வொருக்காப் பால் கரைக்கேக்கையும் பாத்திட்டுத்தான் கரைக்கிறனான். ஏழு தசம் ஒண்டு. ஆடவே இல்லை." எனக்குப் பெருமையாக இருந்தது. மாரி மழை ஊற்றுகிற நேரம், வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில், நைத்திரேற்று ஆடாத கிணறு உரும்பிராயில் இருக்குமா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கருவி பூட்டி மூன்றாவது வாரம் அவள் பெரியாஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பால் குடிக்கும்போது பிள்ளையின் உதடு நீலமாகிப்போனதாம். விரல் நகமும் அப்படியேயாம். இரத்தம் எடுத்துப் பார்த்து, ஊசி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். அவளுடைய குரல் அழுது முடிந்த குரலாக இருந்தது.

"தண்ணியிலை ஏதும் இருக்குமோ எண்டு டொக்டர் கேக்கிறார் அக்கா."

"பச்சைதானே காட்டினது?"

"ஓம், பச்சைதான்."

"அப்ப தண்ணியிலை பிழையில்லை. எங்கடை கருவி பிழை காட்டாது."

அப்படித்தான் சொன்னேன். சொன்னபோது எனக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. ஒரு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்கிறாள், நான் என் கருவியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். அதோடு விட்டேனா, இல்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். "மாமி சொல்லுறா, நான் போத்தலை வடிவாக் கழுவாமல்தான் இப்பிடி வந்ததாம்." வயிற்றோட்டம் வந்தாலும் பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பெரிய ஆள் மாதிரி, "ஓம் பிள்ளை, போத்தலைக் கவனமாக் கழுவவேணும்" என்றேன். அவள் சரி அக்கா என்று வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று எழுதி ஒரு படமும் அனுப்பியிருந்தாள். தண்ணீரையும் ஆஸ்பத்திரியில் சோதிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். முடிவு வரும்வரை கடைத் தண்ணீர் பாவிக்கச் சொன்னார்களாம். தண்ணீரில் பிழையில்லை என்று நான் சொன்னபடியால் வீட்டுத் தண்ணீரே போதும் என்று மாமி சொல்லிவிட்டாவாம். படத்தில் பிள்ளை அவள் தோளில் நித்திரை. பின்னால் குசினிச் சுவரில் எங்கள் திரை. ஏழு தசம் ஒன்று.

மூன்று வாரம் மழை ஊற்றியும் ஆடாத எண் அது. சோறு போட எழும்பினவள் கணினிக்குத் திரும்பினேன். இதே கருவியை அந்த மாதம் கோப்பாயில் ஒரு வீட்டிலும் நல்லூரில் ஒரு வீட்டிலும் பூட்டியிருந்தோம். இரண்டும் கைக்குழந்தை இல்லாத வீடுகள். அவை இணையத்தால் எங்களுக்கு அனுப்புகிற பதிவுகளைத் திறந்தேன். ஏழு. ஏழு தசம் ஒன்று. மூன்று ஊரில் மூன்று கிணறு, ஒரே எண். உரும்பிராய்ப் பதிவில், திரைக்கு வராமல் கோப்பில் மட்டும் விழுகிற பி.எச். எண்களைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துமூன்று தசம் நாலு. பி.எச். இருபத்துமூன்று என்று உலகத்தில் ஒரு தண்ணீரும் கிடையாது.

கொத்தைத் திறந்து அந்த வரிசைப் பட்டியலுக்குள் போனேன். மேலே இருந்த பி.எச். பெட்டியின் மூலையில் பழைய இலக்கம். கீழே இருந்த நைத்திரேற்றின் மூலையிலும் பழைய இலக்கம். நான் இழுத்துவிட்டதை அது கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். எடுக்கவில்லை. பிள்ளை நித்திரையால் எழும்புகிற நேரம், பால் கரைக்கிற நேரம்.

அண்ணை எதிர் மேசையில் தலையைக் குனிந்து எதையோ ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் யன்னலைப் பார்க்கவில்லை.

"அண்ணை. உரும்பிராய்ப் பிள்ளையின்ரை தண்ணி இருபத்துமூண்டு. என்ரை கொத்திலை வரிசை மாறேல்லை. பிழை என்ரை. அவள் அந்தத் தண்ணியிலைதான் பால் கரைக்கப்போறாள், போனை எடுக்கிறாளில்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார்.

"ஏறு" என்றார்.

கோப்பாயிலிருந்து உரும்பிராய்க்கு அவ்வளவு தூரமில்லை. அன்றைக்கு அது முடியவில்லை. மழை விட்டு ஒழுங்கைப் பாதையெல்லாம் செம்மண் சேறு. பின்னால் இருந்து நான் மறுபடி மறுபடி அவளுடைய இலக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அண்ணை தலையைத் திருப்பாமல் சொன்னார். "கதவு நிலைக்குச் சொல்லிப்போட்டு வந்தவன் நான். உனக்குச் சொல்லியிருந்தால் கூப்பிட்டுப் பாத்திருப்பம்." அப்பாவின் கதையை அன்றைக்கும் நாங்கள் எடுக்கவில்லை. இன்றுவரைக்கும் எடுக்கவில்லை. வேலை சம்பந்தமாக மட்டும் இப்போது முகத்தைப் பார்த்துக் கதைக்கிறோம்.

வாசல் படலை சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு ஓடினேன். அவள் முன்னறையில் பாயில் இருந்தாள். மடியில் பிள்ளை, கையில் பால்போத்தல். போத்தலின் அடியைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்காதை பிள்ளை. அதைக் குடுக்காதை."

"இன்னும் குடுக்கேல்லை அக்கா. ஆறட்டும் எண்டு வைச்சிருக்கிறன். ஏன்?"

நான் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்றா சொல்வது, பறித்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. அண்ணை அதற்குள் சந்திக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார், தண்ணீர் வாங்க. நான் அந்தச் சீமெந்து நிலத்தில், அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டமைப்பு, கொத்து, பைட் எல்லாம் அவளுக்கு என்னத்துக்கு. எங்கள் கருவி வேறொரு எண்ணை நைத்திரேற்று என்று காட்டியது என்றேன். அது தண்ணீரின் பிழை இல்லை, உணரியின் பிழையும் இல்லை, நான் இரண்டு பெட்டியை மாற்றவேண்டிய விதத்தில் மாற்றாமல் விட்டது என்றேன். உன் கிணறு முதல் நாளிலிருந்தே சிவப்பில்தான் நின்றிருக்க வேண்டும். நீ பார்த்துப் பார்த்துக் கரைத்த ஒவ்வொரு போத்தலும் என்னால்தான் உன் பிள்ளைக்குப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ கேட்டபோதும் பொய் சொன்னேன், தெரியாமல் சொன்ன பொய். சொல்லி முடித்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கட்டும், ஏசட்டும், இந்தச் சாமானைக் கழற்றிக்கொண்டு போ என்று துரத்தட்டும் என்று இருந்தேன். அப்படி ஏதும் நடந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அழுகை அடங்கியது.

"அப்ப போத்தலாலை இல்லையோ அக்கா?"

"இல்லை."

"நான் வடிவாத்தான் கழுவினனான். ஒவ்வொருக்காவும் சுடுதண்ணியிலை போட்டு எடுத்தனான்."

"ஓம் பிள்ளை."

"ஆஸ்பத்திரியிலை அந்த நாலு நாளும் நான் இதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எந்தப் போத்தல், எந்த நேரம், எங்கை விட்டன் எண்டு. நித்திரையே இல்லை. கையை மணந்து மணந்து பாத்தன்."

செய்யாத பிழையைத் தேடிக்கொண்டு ஒரு தாய் நாலு நாள் தன் கையையே மணந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பிழையைத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்க விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது.

"இதை ஒருக்கா மாமியிட்டையும் சொல்லுவியளே?"

மாமி பின்பக்கம் குசினியில் இருந்தா. அடுப்பில் பெரிய பானை ஏற்றி, பால்போத்தல்களையும் மூடிகளையும் அதற்குள் போட்டுக் கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றா. மருமகள் கழுவியதில் நம்பிக்கை இல்லாமல் தானே செய்கிற வேலை அது. சுவரில் எங்கள் திரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் மின்கம்பியை இழுத்து நிறுத்திவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். கருவி பிழை, தண்ணீர் கூடாது, கொதிக்கவைத்தால் இன்னும் கூடாது, பிழை என்னுடையது. மாமி அகப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக் கதவடியில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அக்கா, அந்தப் போத்தல் கதையையும் சொல்லுங்கோ" என்றாள்.

மாமியின் முகத்தைப் பார்த்து, போத்தலில் பிழையே இல்லை என்று அதையும் சொன்னேன்.